நாக்பூரில் இருக்கிற நான்

வெள்ளைச்சாமி சால்வையோடு வந்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். எங்கள் கட்சியில் சால்வை போர்த்தினால் ஒன்று பதவி கொடுக்கிறார்கள், இல்லையென்றால் பிடுங்குகிறார்கள். அவன் மாவட்டச் செயலாளர். கட்சியில் சேர்ந்த நாளிலிருந்து என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். அருப்புக்கோட்டையில் என் வீட்டுக் காப்பியைக் குறை சொல்லாமல் குடிக்கிற ஒரே ஆளும் அவன்தான்.

"அக்கா, தலைமை முடிவு பண்ணிருச்சு. மேலவைக்கு மறுபடியும் உங்களுக்குத்தான் சீட்டு."

எனக்குச் சந்தோஷம்தான். இல்லை என்று சொன்னால் என் வாய் அழுகிப்போகும். தோளைக் காட்டிச் சால்வையை வாங்கிக்கொண்டேன். "வேட்புமனு என்னைக்குப்பா? சென்னைக்கு எப்பக் கிளம்பணும்?"

வெள்ளைச்சாமி காப்பியை ஆற்றினான். ஆறிப்போன காப்பியை மறுபடியும் ஆற்றினான்.

"நீங்க எதுக்குக்கா அலைஞ்சுக்கிட்டு? உங்களுக்குன்னா, நாக்பூர்ல இருக்காகள்ல, அந்த உங்களுக்கு."

அந்த நிமிஷம் ஆரம்பித்த எரிச்சல் இன்னும் எனக்கு அடங்கவில்லை.

டெல்லியில் மனுஷன் மூச்சு விட முடியாது என்று ஆனபிறகு தலைநகரத்தை நாக்பூருக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள் அல்லவா, அப்போதே இரண்டு அவைகளையும் ஒழுங்கு பண்ணுகிறேன் என்று கிளம்பினார்கள். கீழவையில் கை வைக்கவில்லை. ஜனங்கள் நேராக ஓட்டுப் போட்டு ஆளை அனுப்புகிறார்கள், ஐந்து வருஷம் கத்துகிறார்கள், நடுவில் கவிழ்ந்தால் கலைத்துவிட்டு மறுபடி ஜனங்களிடமே வருகிறார்கள். மேலவை அப்படியில்லை. அதைக் கலைக்க யாராலும் முடியாது. அதற்கு ஜனங்கள் ஓட்டுப் போடுவதில்லை. அந்தந்த மாநிலத்து எம்எல்ஏக்கள்தான் ஒன்று, இரண்டு, மூன்று என்று தங்கள் விருப்ப வரிசையை எழுதிப் போடுகிறார்கள். ஆறு வருஷப் பதவி. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மூன்றில் ஒரு பங்குப் பேர் இறங்க, புது ஆட்கள் ஏறுவார்கள். ஓடுகிற பஸ்ஸில் ஆள் மாறுவது போலத்தான், பஸ் நிற்காது.

இதில் தகராறு என்னவென்றால், ஒரு கட்சி டிக்கெட்டில் ஏறினவர்கள் அடுத்த ஸ்டாப்பில் வேறு கட்சித் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதற்குத்தான் இந்தப் பதிவு. தேர்வானவர் நாக்பூர் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால், அவர் மனதை அப்படியே பதிவு செய்துகொள்வார்கள். நினைப்பு, கொள்கை, கோபம், வாய்க்கொழுப்பு எல்லாம் சேர்த்து. அந்தப் பதிவுதான் ஆறு வருஷம் அவையில் பேசும், ஓட்டுப் போடும். அசல் ஆள் பென்ஷனோடு வீட்டுக்கு வந்துவிடலாம். பதிவுக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை, காண்ட்ராக்ட் எடுக்க மருமகனும் இல்லை. எதைக் கொடுத்து அதை வாங்குவது? உறுப்பினர்கள் விலைபோவது அதோடு நின்றது. எம்எல்ஏக்களின் விலை மட்டும் ஏறிப்போனது.

"ஏன்டா, நான் உயிரோட குத்துக்கல்லாட்டம் இருக்கேன். பெட்டிக்குள்ள இருக்கிறவளுக்குச் சீட்டா?"

"அவுகளும் நீங்கதானக்கா. ஏற்கெனவே பதிவான ஆளு, மறுபடி செலவில்ல. அப்புறம்..." வெள்ளைச்சாமி தரையைப் பார்த்தான். "அவுக இந்த ஆறு வருஷத்துல தலைமையை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலக்கா."

"நான் பேசினேனா?"

"போன மாநாட்டுல பேசுனீங்கள்ல."

பேசினேன்தான். தொண்டர்கள் கைதட்டினார்கள். தலைவர் தட்டவில்லை.

அதற்குள் உள்ளறையிலிருந்து என் வீட்டுக்காரர் காசிலிங்கம் வேட்டியைச் சரிபண்ணிக்கொண்டு வேகமாக வந்தார். மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். சாதாரணமாகக் கட்சிக்காரர்கள் வந்தால் பேப்பரை முகத்துக்கு மேலே தூக்கிக்கொள்வார். அன்றைக்கு வெள்ளைச்சாமியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப இன்னும் ஆறு வருஷம் இருப்பாளா?" என்று கேட்டார். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இளம்பரிதி போனபிறகு அந்த முகத்தில் நான் பார்க்காத வெளிச்சம்.

இளம்பரிதி எங்கள் ஒரே பையன். மூன்று வருஷத்துக்கு முன்னால் சாத்தூர் பக்கம் நாலுவழிச் சாலையில் ஆளில்லாமல் தானாக ஓடுகிற லாரி ஒன்று அவனுடைய பைக்கைத் தட்டிவிட்டுப் போய்விட்டது. நாக்பூரில் இருக்கிற எனக்கு அது தெரியாது. தெரியக்கூடாது என்பது சட்டம். பதிவுக்கு அவை சம்பந்தமான செய்தி போகலாம், வீட்டிலிருந்து நல்ல செய்தி போகலாம், துக்கச் செய்தி மட்டும் போகக்கூடாது. துக்கம் வந்தால் ஆள் மாறிவிடுவாராம், மாறினால் அவர் எம்எல்ஏக்கள் தேர்ந்தெடுத்த ஆள் இல்லையாம். அப்படிச் செய்தி போய்ச் சேர்ந்த பதிவு தகுதியிழக்கும். சொன்னவருக்கு ஒரு வருஷம் ஜெயில். வீட்டு ஆட்கள் மாதம் ஒருமுறை அரைமணி நேரம் பார்க்கலாம், நலம் விசாரிக்கலாம், அவ்வளவுதான். இவர் மாதம் தவறாமல் போனார். மூட்டுவலிக்காரர், ராத்திரி ரயில் பயணம். நான் ஒருதரம்கூடப் போகவில்லை. என்னை நான் போய் என்ன நலம் விசாரிப்பது?

வெள்ளைச்சாமியை வாசல்வரை கொண்டுவிட்டேன். செருப்பை மாட்டியவன் போகாமல் நின்றான்.

"அக்கா, சொல்லலாமா வேண்டாமான்னு இருந்துச்சு. போன மாசம் கட்சி வேலையா நாக்பூர் போயிருந்தோம். அங்க இருக்காகள்ல, அவுக எங்க எல்லாருக்கும் சாக்லேட் குடுக்கச் சொன்னாக. பேத்தி பொறந்திருக்காம்."

"யாருக்கு?"

"பரிதித் தம்பிக்கு." அவன் குரல் இறங்கிப்போனது. பரிதியைத் தூக்கிக்கொண்டு போன நாலு பேரில் அவனும் ஒருவன். "நாங்க என்னக்கா செய்ய? வாங்கிக்கிட்டோம்."

உள்ளே வந்து காசிலிங்கத்தைக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. முதலில் பையன் நல்லா இருக்கான் என்று மட்டும்தான் சொன்னாராம். அதற்குமேல் அவள் கேட்கக் கேட்க, பூனாவில் வேலை, கூட வேலை பார்க்கிற பெண்ணோடு கல்யாணம், இப்போது நிலா என்று ஒரு குழந்தை.

"அங்க போனா அவன் இருக்கான் அரசி," என்றார். "இங்கதான் இல்ல. அந்த அரைமணி நேரத்தையும் ஏன் பிடுங்குறே?"

என் பெயர் மங்கையர்க்கரசி. அவர் மட்டும் அரசி என்பார். அவர் அப்படிக் கெஞ்சியபோது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பரிதி போன பிறகு இந்த வீட்டில் அவன் பெயரை நாங்கள் சொன்னதில்லை. சாப்பாடு, மருந்து, மோட்டார் போட்டாச்சா என்பதைத் தவிரப் பேச்சில்லை. எனக்கு மிச்சமிருந்த ஒரே துணையும் மாதாமாதம் டிக்கெட் எடுத்து, பிள்ளையைப் பறிகொடுக்காத இன்னொரு மங்கையர்க்கரசியிடம் போய்க் கல்யாணம் காட்சி என்று குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. இன்னும் ஆறு வருஷம் இதே கூத்தா? நிலாவுக்குக் காது குத்துவார்கள், பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள். நான் இங்கே மோட்டார் போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

மறுநாளே சென்னைக்குக் கிளம்பினேன். என்னை எதிர்த்து நானே நின்றேன்.

வேட்புமனுவை முன்மொழியப் பத்து எம்எல்ஏக்கள் வேண்டும். எதிர்க்கட்சிக்காரர்கள் கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி வரிசையில் வந்து கையெழுத்துப் போட்டார்கள். எங்கள் கட்சிக்குள் நடக்கிற சண்டைக்கு அவர்கள் எதையும் கொடுப்பார்கள். தேர்தல் அதிகாரிக்குத்தான் தலைசுற்றியது. ஒரே பெயர், ஒரே அப்பா பெயர், ஒரே பிறந்த தேதி. சட்டத்தைப் புரட்டிப் பார்த்தார். அசல் நிற்கலாம் என்றும் இருந்தது, பதிவு நிற்கலாம் என்றும் இருந்தது. இரண்டும் சேர்ந்து நிற்கக்கூடாது என்று எழுதவேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. புண்ணியவான்கள். கடைசியில் என் பெயருக்கு எதிரே 'அசல்' என்றும் அவள் பெயருக்கு எதிரே 'பதிவு' என்றும் போட்டார்.

காலியிடம் ஆறு. கட்சிகள் பேசிவைத்துக்கொண்டு நிறுத்தியவர்கள் அவளையும் சேர்த்து ஆறு பேர். நான் ஏழாவது. எட்டாவது ஆள் எங்கள் கட்சியின் டம்மி சீமைச்சாமி. பிரதான வேட்பாளரின் மனு ஏதாவது கோளாறில் தள்ளுபடியானால் கைகொடுக்க ஒரு மாற்று மனு போட்டுவைப்பது எங்கள் வழக்கம். தேர்தல் தவறாமல் அது சீமைச்சாமிதான். வாபஸ் வாங்கும் கடைசி நாளில், கடைசி நேரத்தில்தான் வாங்குவார். அதுவரைக்கும் வேட்பாளர் என்று போட்டுக்கொள்ளலாமே, அதற்குத்தான்.

நான் நின்றதும் போட்டி என்றாகிவிட்டது. போட்டி என்றதும் எங்கள் எம்எல்ஏக்களை பஸ்ஸில் ஏற்றி மகாபலிபுரத்துப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் அடைத்தார்கள். வெள்ளைச்சாமி அங்கிருந்து ரகசியமாகப் போன் பண்ணினான்.

"அக்கா, முப்பத்தி நாலு பேரு ஒண்ணுன்னு போட்டாத்தான் ஜெயிப்பு. நம்மாளுக பாதிப்பேரு உங்களுக்கு ரெண்டுன்னு போடுறேங்கிறாக. ஒண்ணு போட்டாத் தலைமைக்குத் தெரிஞ்சிருமாம்."

"ரெண்டு பேரும் ஒண்ணுதான்னா எனக்கே ஒண்ணைப் போட வேண்டியதுதான?"

"அவுகளுக்கு ரெண்டு பேருமே வேணுமாம்க்கா."

இந்த நாட்டைத் திருத்த முடியாது. ரெண்டாம் விருப்பத்தை நம்பி உட்கார்ந்தால் நான் தோற்பேன் என்று தெரிந்துவிட்டது. மிச்சமிருந்தது ஒரே வழிதான். நாக்பூர் போய் அவள் முகத்துக்கு நேராகச் சொல்வது. பரிதி செத்துட்டான்டி, பேத்தியும் கிடையாது ஒண்ணும் கிடையாது. சொல்லிவிட்டு வெளியே வந்து நானே புகார் கொடுப்பது. அவள் தகுதியிழப்பாள், அன்றைக்கே அணைத்துவிடுவார்கள். எனக்கு ஒரு வருஷம் ஜெயில். கட்சிக்காரிக்கு ஜெயில் என்ன புதுசா? இந்தி எதிர்ப்பிலிருந்து குடிதண்ணீர்ப் போராட்டம்வரை பார்த்தாயிற்று.

நான் நாக்பூரில் போய் இறங்கியது வாபஸ் வாங்கக் கடைசி நாள். காசிலிங்கம் விடாமல் கூடவே வந்தார். மேலவைப் பார்வையாளர் கூடத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். சின்னப் பிள்ளை மாதிரி.

"சொல்லிறாத அரசி. அவ தாங்கமாட்டா."

"நான் தாங்கலையா?" என்றேன். அவர் முந்தானையை விட்டார்.

பாஸ் கொடுக்கிற இடத்தில் இருந்த பெண் என் முகத்தையும் கம்ப்யூட்டரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, அசல்கள் யாரும் வருவதே இல்லை என்று ஆச்சரியப்பட்டாள். எல்லோரும் என்னைப்போலத்தான் போலிருக்கிறது.

அறையில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, எதிரே ஆளுயரத் திரை. நான் உட்கார்ந்ததும் அவள் வந்தாள். பதிவு அன்றைக்குக் கட்டியிருந்த அதே பச்சைச் சேலை. தலைமுடி கறுப்பு. கன்னத்தில் சதை. நான் நடுவில் இவ்வளவு கெட்டுப்போயிருப்பேன் என்று கண்ணாடி எனக்குச் சொன்னதே இல்லை.

"வாடி அசலு," என்றாள். "என்ன இப்படி இத்துப்போயிட்டே? சுகர் மாத்திரை ஒழுங்காப் போடுறியா இல்லியா?"

"என் சுகரை நான் பார்த்துக்கிறேன். உனக்கு எதுக்கு மறுபடியும் பதவி? ஆறு வருஷம் போதாதா?"

"என்னைக் கேட்டா போட்டாங்க? நம்ம கட்சியில எவனைக் கேட்டு எதைப் போட்டிருக்காங்க?"

"வாபஸ் வாங்க வேண்டியதுதான?"

"நீ குறுக்க வராம இருந்தா மனுப் பரிசீலனை முடிஞ்ச மறுநாளே வாங்கியிருப்பேன். எல்லாத்தையும் கெடுத்தே."

நான் சொல்ல வந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். எதிரே இருந்தது பிள்ளையைப் பறிகொடுக்காத என் முகம். அதை எப்படி மாற்றுவது? ஆனாலும் ஆரம்பித்தேன். "இந்தா பாரு, பரிதி..."

"தெரியும்," என்றாள்.

"என்னது?" என்று கத்திவிட்டேன்.

"சத்தம் போடாத. மூணு வருஷமாத் தெரியும்."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. உன் புருஷனுக்குப் பொய் சொல்லத் தெரியுமா? பிள்ளை பொறந்த நாள்லேர்ந்து அந்த மனுஷன் அவனைக் குறை சொல்லாம ஒரு வாய் சோறு தின்னுருக்காரா? முடி வெட்டல, லேட்டா எந்திரிக்கான், பைக்கை முறுக்குதான், அம்மாவாட்டம் எதுத்துப் பேசுதான். இங்க வந்தாலும் அரைமணி நேரத்துல இருபத்தஞ்சு நிமிஷம் அதான். ஒரு மாசம் வந்தாரு. 'பரிதி நல்லா இருக்கான், ரொம்பப் பொறுப்பா இருக்கான்'னாரு. ஒரு குறை சொல்லல. அடுத்த மாசமும் சொல்லல. அதுக்கப்புறம் சாலைப் பாதுகாப்பு மசோதா வந்துச்சு. லாரி மோதிச் செத்தவங்க கணக்கை ஊர்வாரியா வாசிச்சாங்க. சாத்தூர்னு வந்துச்சு. பேரு வரல. பேரு எதுக்கு?"

"அப்ப அந்தச் சாக்லேட்டு?"

"பேத்தி பொறந்ததுக்குச் சாக்லேட்டுக் குடுக்கலன்னா, எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சிருமே. அப்புறம் எங்க போவாரு அந்த மனுஷன்? உங்கிட்டயா?"

அந்தக் கேள்வி சுருக்கென்று குத்தியது. என்னைக் குத்த என்னைவிட யாருக்குத் தெரியும்?

"அழுதியா நீ?" என்று கேட்டாள்.

"ஒரு வருஷம்."

"எனக்கு அழுகையை வைக்கல. அழுதா அவை மாண்புக்குக் கேடாம். தூக்கமும் கிடையாது. உனக்காவது மூணு வருஷம் ஆச்சு. ராத்திரி தூங்குறே, காலைல எந்திரிச்சா ஒரு நாள் பழசாகுது. எனக்குப் பழசாக மாட்டேங்குது. இப்பத்தான் சாத்தூர்னு வாசிச்ச மாதிரி இருக்கு. அதோடயே எந்திரிச்சு, பட்ஜெட் பேச்சுக்கு வாழ்த்துச் சொல்லணும். இன்னும் ஆறு வருஷம் என்னால முடியாதுடி."

எனக்குப் புகார் ஞாபகம் வந்தது. இவளுக்குத் தெரியும் என்று போய்ச் சொன்னாலே போதும், முடிந்தது. என் முகத்தில் அது ஓடியதை அவள் பார்த்துவிட்டாள்.

"புகார் குடுத்தா யார் சொன்னதுன்னு கேப்பாங்க. மாசாமாசம் வந்து போனது யாரு? அவரைத் தூக்கி உள்ள வைப்பாங்க. அது வேண்டாம்."

"அப்ப நீ இப்பவே வாபஸ் வாங்கு. நான் ஜெயிச்சு வர்றேன்."

"ஜெயிச்சு?" என்றாள். அவள் குரல் உயர்ந்தது. "ஜெயிச்சா என்ன செய்வாங்க? அந்த நாற்காலியில உன்னை உக்கார வச்சுப் பதிவு பண்ணுவாங்க. அவ இதைச் சுமந்துக்கிட்டேதான் இங்க கண்ணைத் திறப்பா. மொத நாள்லேர்ந்து ஆறு வருஷம். அழ முடியாது, தூங்க முடியாது. நான் பட்டது பத்தாதா? இன்னொருத்தியை இதுக்குள்ள தள்ளப் போறியா?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மூன்றாவது ஆளை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. அந்தச் சட்டத்துக்குக் கைதூக்கின ஒருவரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். மேலவையில் ஆள் மாறாமல் இருக்கவேண்டும் என்று மட்டும்தான் எல்லோருக்கும் கவலை. மாறாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று அந்த ஆளைக் கேட்கவில்லை.

"ரெண்டு பேரும் வாங்கிருவோம்," என்றாள். "சீமைச்சாமி இருக்காருல்ல? அவர் வாபஸ் வாங்கறதுக்குள்ள நாம வாங்கணும். அப்பத்தான் ஆறு இடத்துக்கு ஆறு பேரு, போட்டி இல்ல, முடிஞ்சது. அவரும் வாங்கிட்டா இடம் காலி. மறுபடி தேர்தல், மறுபடி வெள்ளைச்சாமி சால்வையோட வருவான்."

இப்போதெல்லாம் வாபஸ் வாங்கச் சென்னைக்குப் போகவேண்டியதில்லை. போனில் கைரேகை வைத்தால் அதிகாரிக்குப் போய்விடும். போனை எடுத்தேன். எடுத்தபிறகு சந்தேகம் வந்தது.

"நீ மொதல்ல வாங்கு," என்றேன்.

"நீ வாங்கு."

"உன்னை எனக்குத் தெரியும்டி. நான் வாங்கினப்புறம் நீ வாங்காம உக்காந்துக்கிட்டா?"

"உன்னை மட்டும் எனக்குத் தெரியாதா?"

கூட்டணிப் பேச்சில் எத்தனை பேரை நான் முதல் கையெழுத்துப் போடவைத்துவிட்டு என் பேனாவை மூடியிருக்கிறேன்! அந்த வித்தையெல்லாம் அவளிடமும் அப்படியே இருக்கிறது. பதிவு அன்றைக்குச் சேர்த்துத்தானே எடுத்தார்கள். இரண்டு கிழட்டு அரசியல்வாதிகள் ஒருத்தியை ஒருத்தி முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. சென்னையில் சீமைச்சாமி டீ குடித்து முடித்துவிட்டுப் பேனாவைத் தேடுகிற நேரம்.

எனக்கு அலுத்துவிட்டது. உண்மையான காரணம் அதுதான். பெருந்தன்மை எல்லாம் ஒன்றுமில்லை. இந்தச் சீட்டு, இந்த வரிசை எண், இந்தச் சண்டை எல்லாமே ஒரு கணத்தில் அலுத்துப்போய்க் கட்டைவிரலை வைத்து அழுத்திவிட்டேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏமாந்தேனா?

"பரவாயில்ல, நடுவுல நல்ல புத்தி வந்திருக்கு," என்றவள், முகத்தைத் திருப்பிக்கொண்டு அவைக் குரலில் சொன்னாள்: "தேர்தல் அதிகாரி அவர்களுக்கு. வேட்பாளர் மங்கையர்க்கரசி, பதிவு. என் வேட்புமனுவைத் திரும்பப் பெறுகிறேன்."

கொஞ்ச நேரத்தில் என் போன் அலறியது. வெள்ளைச்சாமி.

"அக்கா! என்னக்கா செஞ்சிட்டீங்க ரெண்டு பேரும்? சீமைச்சாமி வாபஸ் பேப்பரோட அதிகாரி முன்னாடி நின்னிருக்காரு. உங்க வாபஸ் வந்த சேதியை அங்கயே சொன்னாங்களாம். மனுசன் பேப்பரை மடிச்சுச் சட்டைப்பையில வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாரு. இப்ப அவர்தான் எம்பி. ரிசார்ட்டுல எல்லாரும் என்னைய வையிறாங்க, இன்னும் ரெண்டு நாள் சாப்பாடு பாக்கி இருக்காம்."

"போய்ச் சீமைச்சாமிக்குச் சால்வை போத்து," என்று வைத்தேன்.

கதவைத் திறந்து காசிலிங்கத்தைக் கூப்பிட்டேன். எழுந்திருக்கவில்லை. போய்க் கையைப் பிடித்தேன். "உள்ள வாங்க. அவளுக்குத் தெரியும். ரொம்ப நாளாவே தெரியும். நீங்க நல்லா இருக்கணும்னு தெரியாத மாதிரி இருந்திருக்கா."

உள்ளே வந்தவர் திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றார். அவள், "ஏங்க, உக்காருங்க. எவ்வளவு நேரம் நிப்பீங்க, மூட்டு வலிக்கப் போகுது," என்றாள். அவ்வளவுதான். அந்த மனுஷன் நாற்காலியில் விழுந்து வாய்விட்டு அழுதார். பரிதியைச் சுடுகாட்டில் விட்டுவந்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. நானும் அழுதேன். அவள் மட்டும் அழமுடியாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆடி மாதம் அவள் பதவிக்காலம் முடிகிறது, அன்றைக்கு அணைத்துவிடுவார்கள். அதுவரை மாதாமாதம் இரண்டு பேரும் வருகிறோம் என்று அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார். வாங்க, ஆனா நிலாவை விட்டுட்டு வாங்க என்றாள் அவள். அவர் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டார்.

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணு கேக்கணும். ஆறு வருஷமா இதைக் கேக்கத்தான் நீ வருவேன்னு பார்த்துக்கிட்டிருந்தேன்."

"கேளு."

"பதிவு அன்னிக்குக் காலைல பரிதி போன் பண்ணினான். நாற்காலியில உக்காரப் போற நேரம், போனைக் குடுங்கன்னு பதிவு எடுக்கிற பொண்ணு கையை நீட்டிக்கிட்டு நிக்கிறா. 'அம்மா, ஒரு விஷயம் சொல்லணும்'னான். குரல்ல ஒரு சந்தோஷம். 'அப்புறம் கூப்பிடுறேன்டா'ன்னு வச்சுட்டேன். அதோட நான் இங்க இருக்கேன், எங்கிட்டப் போன் இல்ல. நீதான் எந்திரிச்சு வெளிய போனே. திரும்பக் கூப்பிட்டியா? என்ன விஷயமாம்?"

தேடிப் பார்த்தேன். நாற்காலி ஞாபகம் இருந்தது. வெளியே வந்ததும் மாலை போட்டார்கள். ஆரஞ்சு ஜூஸ் கொடுத்தார்கள். வெள்ளைச்சாமி போட்டோ எடுக்கிறேன் என்று ஒருவர் காலை மிதித்தது ஞாபகம் இருந்தது. அந்தப் போன் ஞாபகம் இல்லை. பரிதியின் குரல், அந்தச் சந்தோஷம், அவன் சொல்லவந்த விஷயம் எதுவுமே இல்லை. மேடையில் எந்தக் கேள்விக்கும் எனக்குப் பதில் இல்லாமல் போனதில்லை. ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம். வேலை கிடைச்சுதாம், பைக் வாங்கினானாம். இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தெரியல," என்றேன். "போன் வந்ததே எனக்கு ஞாபகம் இல்ல."

காசிலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். அவள் என்னைக் கிழிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் கிழித்திருப்பேன்.

"நான் கூப்பிட்டிருப்பேன்," என்றாள் அவள். "வெளிய வந்ததும் மொத வேலையாக் கூப்பிட்டிருப்பேன். அதனால நீயும் கூப்பிட்டிருப்பே."

அன்றைக்கு நான் எப்படி இருந்தேன் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது.